அங்கெ எப்படி?

ரோந்துப் படகுத் துறை
14 ஜனவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முட்டுவலி, பீவி மாமியின் சர்க்கரை, உமைராவின் காலேஜ் எல்லாம் எப்படி என்று எழுதுங்கள்.

போன் வரவில்லை என்று பதறியிருப்பீர்கள். இங்கே போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே போய்ப் பேசலாமென்றால், தீவில் இருந்த ஒரே டவரும் போன புயலில் சாய்ந்து கிடக்கிறது. மாதம் ஒரு தடவை சாமான் கப்பல் வரும். கம்பெனியின் தபால் பையில் போட்டால் கடிதம் மஜ்காவ் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து தாராவிக்கு வரும். என்னைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தது இதற்காவது உதவுகிறது.

இதை நாடு என்கிறார்கள், லாத்தா. காலையில் தாதர் பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டம்கூட இந்த நாட்டில் இல்லை. கடல் மட்டும் கண் கொள்ளாத அளவுக்கு இருக்கிறது. தெற்கே வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து திருட்டுத்தனமாக மீனை அள்ளிக்கொண்டு போகின்றன. துரத்துவதற்கு இருப்பதோ மூன்று கிழட்டுப் படகுகள். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால்தான் புது எஞ்சின், புது ரேடார், புது ரேடியோ. எஞ்சின் வேலை நம் சாலில் குடியிருக்கும் செல்லப்பாண்டி அண்ணனுடையது. மற்றதெல்லாம் என் தலையில்.

ரேடியோ அறையில் மரீத்தா என்று ஓர் அம்மாள் இருக்கிறார். நல்ல மனுஷி, மீன் சுட்டுத் தருகிறார். ஆனால் வெயில் இறங்கியதும் ரேடியோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்கிறார். இருட்டின பிறகுதான் மறுபடி கூட்டுகிறார். கடலில் தத்தளிக்கிறவன் கூப்பிட்டால் கேட்பதற்குத்தானே அது இருக்கிறது? ஏன் என்று கேட்டேன். "இங்கே அப்படித்தான்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
சாஹில்


தாராவி
20 பிப்ரவரி 2024

அருமைத் தம்பி சாஹிலுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உமைரா செம்பூர் காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுக்கு உன் கடிதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிகிறது, "மாமு இந்தியிலே எழுதக் கூடாதா?" என்கிறாள். மாமிக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது.

மேல்தளத் தகரம் ஓட்டையாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பை தைக்கிற பட்டறையின் முதலாளி நாகூர் கனி ஆளனுப்பி மாற்றித் தந்தார். நல்ல மனிதர். அவரைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தம்பி, ஒன்று சொல்ல வேண்டும். உன் மச்சான் போன நூருல் பஹர் கப்பல் அந்தக் கடலில்தான் காணாமல் போனது. ஏழு வருஷம் ஆகிவிட்டது. நீ அந்த வேலையை ஏன் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ போயிருப்பது சம்பாதிக்க, தேட இல்லை. ஹனீப் மச்சானை நான் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டேன்.

தெற்கே உங்கள் தீவுக்கு அப்பால் ஊர் ஏதும் உண்டா? சும்மா கேட்கிறேன்.

அன்பு லாத்தா
நஜ்முன்னிசா


ரோந்துப் படகுத் துறை
18 மார்ச் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நோன்பு தொடங்கிவிட்டது. இங்கே பேரீச்சம்பழம் கிடைக்காது. மரீத்தா எனக்காக வாழைப்பழம் எடுத்து வைக்கிறார்.

முதல் படகு முடிந்துவிட்டது. புது ரேடியோவில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முள் காட்டும். அதைச் சோதிக்க நாள் முழுக்க, அந்தி நேரத்திலும், நான் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. மரீத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

தெற்கே ஊர் இல்லை. வெகு தொலைவில், இந்த நாட்டின் கோடியில், ஒரு பவளத் திட்டு மட்டும் உண்டாம். பழைய படகுகள் அங்கே போக முடியாது.

லாத்தா, இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். மச்சான் பேசும்போது 'சுகம்' என்பாரா, 'சொவம்' என்பாரா? எனக்கு அவர் பேச்சு மறந்துகொண்டு வருகிறது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

சாஹில்


தாராவி
25 ஏப்ரல் 2024

அருமைத் தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. பக்கத்து ஷமீமா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நீ இல்லாமல் சேமியாவைக் கிண்டவே கை வரவில்லை.

உன் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். உன் மச்சான் 'சொவம்' என்றுதான் சொல்வார். எந்தத் துறைமுகத்திலிருந்து போன் போட்டாலும், ஹலோகூடச் சொல்ல மாட்டார். "இங்கெ எல்லாரும் சொவம். அங்கெ எப்படி?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டுத்தான் மற்றது. அடுப்பில் என்ன வேலை இருந்தாலும் நானும் முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்பார்.

இப்போது நீ சொல். எதற்காகக் கேட்டாய்?

லாத்தா


ரோந்துப் படகுத் துறை
30 மே 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். இரண்டாவது படகு முடிந்தது. மழை ஓய்ந்துவிட்டது. செல்லப்பாண்டி அண்ணனுக்குக் கையில் அடிபட்டு ஊருக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கடிதத்தையும் ஒரு டின் மாசிக் கருவாட்டையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். வலி மருந்தில் இருக்கிறார். ரொம்ப நேரம் பேச வைக்காதீர்கள்.

சாஹில்


தாராவி
19 ஜூன் 2024

தம்பி சாஹிலுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மாசி வந்தது. மாமிக்குப் பிடித்தது. முட்டுவலி அப்படியே இருக்கிறது.

செல்லப்பாண்டி அண்ணனை நான் பேச வைக்கவில்லை. அவராகவே பேசினார். இரண்டு விரலைக் காணோம். சாயா கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, சாஹில் ஒங்கிட்ட எதுவும் எழுதலையா?" என்றார்.

"என்ன எழுதணும்?"

"அப்பம் நானும் சொல்லப்படாது."

"சாயா ஆறிட்டு அண்ணே. சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "புதுப் படகுல எஞ்சின ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். மேல ரேடியோவ தொறந்து வச்சிருக்கான் ஒந்தம்பி. பொழுது அடையுது. நம்ம ஊர்ப் பேச்சுல ஒரு கொரல் வருது, தங்கச்சி. திரும்பிப் பாத்தேன். பெல்ட்டு கைய இழுத்துட்டு. ஒம் மாப்பிள்ளைகூட இந்தச் சால்ல எத்தன வருசம் ஒரே கொழாயில தண்ணி புடிச்சிருக்கேன்! அந்தக் கொரல் எனக்குத் தெரியாதா?"

"என்ன சொல்லுதாவ?"

"என்னத்தச் சொல்ல. 'இங்கெ எல்லாரும் சொவம். அங்கெ எப்படி?' அம்புட்டுதான். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பெறகும் அதே. இருட்டுத வரைக்கும். தெனமும்."

"ஒருத்தரும் பதில் சொல்லலையா?"

"சொல்லப்படாதாம். அந்த ஊர்க்காரங்களுக்கு அது பேய்."

மாமி உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்புள்ள வாய் ஓயாம கேட்டுக்கிட்டுக் கெடக்கான். ஒருத்தனுக்குக்கூட நாக்கு இல்லையாலே?" என்றார்.

தம்பி, நீ மறைத்தாய். நானும் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நாகூர் கனி என்னை நிக்காஹ் கேட்டிருக்கிறார். அவர் மனைவி மௌத்தாகி நாலைந்து வருஷம் ஆகிறது. பேச்சைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? பீவி மாமிதான். "எம்மவனுக்காக நீ கெழடாவாத" என்கிறார். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் மௌத் என்று கோர்ட்டில் எழுதி வாங்கலாம் என்று மாதுங்காவில் வக்கீல் ஜெயராம் சார் காகிதம் தயாரித்துவிட்டார். கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை எடுத்தேன், தம்பி. அந்த வாரந்தான் 'சுகமா, சொவமா' என்று உன் கடிதம் வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

நான் இப்போது யார்? பொண்டாட்டியா, கைம்பெண்ணா?

அவருக்குப் பதில் சொல்.

நஜ்முன்னிசா


ரோந்துப் படகுத் துறை
22 ஜூலை 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறைமேடையில் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பாதியில் நிறுத்தி வைப்பேன் என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மார்ச்சில் முதல்முதலாகக் கேட்டேன். மச்சான் குரல்தான். கிணற்றுக்குள் நின்று மேலே பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது. முள் நேராகத் தென்கோடித் திட்டைக் காட்டுகிறது. லாத்தா, நான் படித்த படிப்பு இதுதான்: அவ்வளவு தூரத்திலிருந்து இந்த ரேடியோவுக்குக் குரல் எட்டவே எட்டாது. கருவியைக் கழற்றி மாட்டினேன். இன்னொரு படகில் மாட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

இவர்கள் ஏன் பதில் சொல்வதில்லை என்பதை ரோந்துப் படகுக் கேப்டன் லூயி சொன்னார். ஆரம்பத்தில், யாரோ உதவி கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு படகு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டே தெற்கே போனதாம். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. மிதந்து திரும்பியபோது ஓர் ஆள் குறைவு. மரீத்தாவின் அண்ணன் மகன். அன்றைக்குக் குறைத்த சத்தத்தை அந்தி நேரத்தில் இன்று வரை அவர் கூட்டியதில்லை.

நேற்று அவரிடம் போய், அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். "வா என்கிறது" என்றார். இல்லை, 'நாங்கள் எல்லோரும் நலம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்கிறது என்றேன். என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்லுகிறேனோ என்று பார்த்திருப்பார். பிறகு ஜெபமாலையை மேஜை மேல் வைத்துவிட்டு, "எங்களைத்தான் கேட்டாரா? இத்தனை வருஷமும்?" என்றார். அழ ஆரம்பித்தவரை நிறுத்த முடியவில்லை.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. பொத்தானில் விரலை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். அது மச்சான் இல்லையென்றால், லாத்தா? அவர் குரலில் வேறு ஏதாவது இருந்தால்?

சாஹில்


தாராவி
16 ஆகஸ்ட் 2024

தம்பி,

யாராக இருந்தாலும் இருக்கட்டும். நலம் விசாரிக்கிறவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? சலாம் சொன்னால் பதில் சலாம் கடமை என்று உனக்கு ஓதிக்கொடுத்ததே நான்தானே?

நான் சொவம் என்று சொல். உமைரா காலேஜுக்குப் போகிறாள் என்று சொல். மாமி பக்கத்தில் இருந்து எழுதச் சொல்கிறார்: உம்மாவும் சொவம். நாகூர் கனியைப் பற்றி எதுவும் சொல்லாதே. இல்லை, அதுவும் உன் மனசுபோல் செய்.

லாத்தா


ரோந்துப் படகுத் துறை
24 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள். உமைராவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொன்னேன். அறை நிறைய ஆட்கள். கேப்டன் லூயி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். வெளிச்சம் மங்கியதும் குரல் வந்தது. இந்த முறை மரீத்தாதான் சத்தத்தைக் கூட்டினார். "இங்கெ எல்லாரும் சொவம். அங்கெ எப்படி?"

பொத்தானை அழுத்தினேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மச்சான், நான் சாஹில் பேசுதேன். இங்கெயும் எல்லாரும் சொவம். லாத்தா சொவம். ஒங்க உம்மா சொவம். உமைரா பெரிய காலேஜுல படிக்கா. லாத்தாவ நல்லபடியா பாத்துக்கிட ஆள் இருக்கு. நீங்க கவலப்படாதிய."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வெகு நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ மூச்சை இழுத்துவிடுகிற மாதிரி. பிறகு மச்சான், "சரி" என்றார். வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் அந்தியில் கடல் சத்தம் மட்டுந்தான் வந்தது.

புதுப் படகைத் தொலைதூரம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. "தெற்கே ஓட்டுவோம்" என்றார் கேப்டன். வழியில் எஞ்சின் ஒரு தடவைகூட முனகவில்லை. செல்லப்பாண்டி அண்ணனிடம் சொல்லுங்கள். விடிந்தபோது திட்டு தெரிந்தது. பவளப்பாறையில் நூருல் பஹர் சாய்ந்து கிடந்தது. முன்பக்கத்தில் பெயரின் பாதி எழுத்து இன்னும் இருக்கிறது. உள்ளே ரேடியோ இருந்த இடத்தில் துருப்பிடித்த பெட்டி. அதற்குள் நண்டு குடியிருந்தது. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. அதில் யாரும் பேசியிருக்க முடியாது.

மணல்மேட்டில் கபருகள் இருந்தன. வரிசையாக, ஒரே திசை பார்த்து. தலைமாட்டில் பவளக்கல், ஒவ்வொன்றிலும் பெயரைக் கீறியிருந்தது. தூத்துக்குடிப் பையன்கள், மாலுமி, சமையல்காரர். எல்லாம் மச்சான் கையெழுத்து. கடைசிக் கல்லில் அவர் பெயர்.

எல்லாக் கபருகளும் ஒழுங்காக மூடியிருந்தன. நான் தொழுவித்தேன். கேப்டனும் ஆட்களும் பின்னால் நின்றார்கள். அரசாங்க முத்திரையோடு காகிதம் தருகிறார்கள். ஜெயராம் சாரிடம் கொடுத்தால் போதும்.

லாத்தா, அழுதுவிடுங்கள். அடக்கி வைக்காதீர்கள்.

சாஹில்


தாராவி
21 அக்டோபர் 2024

அருமைத் தம்பி சாஹிலுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். காகிதம் வந்தது. அழுதேன். உமைராதான் என்னை எழுப்பிக் குளிக்கவைத்தாள். பள்ளிவாசலில் ஓதினோம். மாமி தன் கையால் நேர்ச்சைச் சோறு பொட்டலம் கட்டிச் சால் முழுக்கக் கொடுத்தார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

நாகூர் கனியிடம் மாமியே சொன்னார்: நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியட்டும், அப்புறம் நிக்காஹ் என்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இத்தா தேவையில்லை என்று ஆலிம் சொன்னார். இருந்தாலும் இருக்கிறேன். அவருக்காக நான் செய்ய வேறு என்ன இருக்கிறது? நாகூர் கனி, "எத்தன நாளானாலும் சரி" என்றார். மனசுக்கு இதமாக இருந்தது.

ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. தைத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் கபர் வெட்டியவர் உன் மச்சான். சரி. தன் கல்லில் தன் பெயரையும் அவரே கீறியிருக்கலாம். குழியையும் அவரே தோண்டியிருக்கலாம். இறங்கிப் படுத்தும் இருக்கலாம். எல்லாக் கபரும் மூடியிருந்தது என்று எழுதியிருக்கிறாய்.

அவர் மேல் மண்ணைத் தள்ளியது யார்?

என்னிடம் மறைக்காதே.

லாத்தா


ரோந்துப் படகுத் துறை
17 நவம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் உடம்பும் மனசும் தேறிவருவதைக் கேட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். மூன்று படகுகளையும் ஒப்படைத்துவிட்டேன். போன வாரம் தெற்கே ஒரு திருட்டுக் கப்பலைப் பிடித்து இழுத்துவந்தார்கள். தீவே துறைமேடையில் நின்று கைதட்டியது. அடுத்த சாமான் கப்பலில் நானும் வருகிறேன். உங்கள் நிக்காஹுக்கு நான்தான் முன்னே நிற்பேன்.

மரீத்தா இப்போது அந்தியில் ரேடியோவைக் குறைப்பதில்லை. என்னிடம் கேட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டார். வெயில் இறங்கும்போது பொத்தானை அழுத்தி, "இங்கெ எல்லாரும் சொவம்" என்கிறார். கொஞ்சம் காத்திருக்கிறார். பதில் வருவதில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதை மாமிக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

மற்றக் கபருகள் தரையோடு தரையாக அமுங்கியிருந்தன. மேலே கொடி படர்ந்து, பறவைகள் கூடு கட்டியிருந்தன. மச்சானுடையது அப்படி இல்லை. அதன் மணல் உயர்ந்து, கறுத்து, ஈரமாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். அங்கே மழை பெய்து வெகுநாள் ஆகிறது. அலையும் அந்த மேட்டுக்கு ஏறுவதில்லை. பதில் சொல்லி நாங்கள் கிளம்பி வருவதற்குள், அந்த இடைவெளியில்தான், அது மூடப்பட்டிருக்கிறது. சுற்றிலும் தேடினேன். எங்கள் பூட்ஸ் தடத்தைத் தவிர ஒரு காலடிகூட இல்லை.

மண்ணின் மேல் உள்ளங்கைத் தடங்கள் இருந்தன, லாத்தா. மண்ணைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திய தடங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும்.

கேப்டன் லூயி அதைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கண்ணில் வைத்தபடியே நின்றார். பிறகு இறக்கிவிட்டு, "போகலாம். அவர் இப்போதுதானே படுத்திருக்கிறார்" என்றார்.

சத்தம் போடாமல் படகுக்கு நடந்தோம்.

உங்கள் தம்பி
சாஹில்